புழுக்கைக் கணக்கு

2022ஆம் ஆண்டு தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் காலையில், எங்கள் வீட்டு முயலான சுண்டல் தன் மரப்பெட்டிக்குள் பூரிக்கட்டையைப் போல உருண்டுகொண்டிருந்தது. அது விளையாடுகிறது என்று முதலில் நினைத்தேன் என்பதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது. உடல் நீளவாக்கில் வலப்புறமாகப் புரண்டு, பலகையில் மோதி நின்று, எழ முயன்று, மறுபடியும் புரண்டது. கையை உள்ளே விட்டுப் பிடித்து நிறுத்தியபோதுதான் கழுத்தைக் கவனித்தேன். தலை முழுவதுமாகச் சாய்ந்து, வலது கண் தரையில் உரச, இடது கண் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்மணிகள் இரண்டும் இடமும் வலமும் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பக்கத்துத் தெருவில் இரவெல்லாம் வெடித்த பத்தாயிரம் வாலாதான் காரணம் என்றார் அப்பா. அம்மா ஒன்றும் சொல்லாமல் உப்பையும் மிளகாயையும் எடுத்து வந்து மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டார். நான் சுண்டலை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, நாய் பூனைகளுக்கு ஊசி போடும் அருகிலுள்ள மருத்துவமனைக்கு ஓடினேன். அங்கிருந்தவர் முயல்களை அதிகம் பார்த்ததில்லை என்று நேர்மையாகவே ஒப்புக்கொண்டார். ஆனால் அடுத்த வாக்கியத்திலேயே இது பக்கவாதம், இனி எழாது, வதைப்பதைவிட ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாம் என்றும் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். துணிவால் அல்ல, கையெழுத்துப் போட வேண்டிய தாளை நீட்டியபோது சுண்டல் என் சட்டைப் பொத்தானைக் கடிக்க முயன்றது, அவ்வளவுதான்.

அன்று மாலை, கிளி, ஆமை, முயல் போன்றவற்றையும் பார்க்கும் மற்றொரு மருத்துவரைத் தேடிப் பிடித்தேன். அவர் முயலைத் தொடுவதற்கு முன்பே கேட்ட கேள்வி எனக்கு வியப்பாக இருந்தது: "காலையிலிருந்து எத்தனை புழுக்கை போட்டிருக்கு?" எனக்குத் தெரியவில்லை. நல்ல நிலையில் இருக்கும் முயல் ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு புழுக்கைகள் போடும் என்றும், முயலின் குடல் நின்றுவிட்டால் கழுத்து நேரானாலும் பயனில்லை என்றும் விளக்கிவிட்டு, "இன்னையிலிருந்து தலையைப் பார்க்காதீங்க, தட்டைப் பாருங்க" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த நாற்பது நாள்களைக் கடந்தேன்.

பிறகு சோதனைகள் தொடங்கின. முயலின் தலை இப்படிச் சாய்வதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான் உண்டு. ஒன்று, காதின் உட்பகுதியில் பாக்டீரியாவால் சீழ் பிடிப்பது. மற்றொன்று, மூளையைத் தாக்கும் என்செபலிடோசூன் குனிகுலை என்னும் நுண்ணிய ஒட்டுண்ணி. காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். நடுச்செவியை மூடியிருக்கும் எலும்புக் குமிழில் சீழ் தேங்கியிருக்கிறதா என்று அறிய மண்டையை எக்ஸ்ரே எடுத்தார். இரண்டும் தெளிவாக இருந்தன. எக்ஸ்ரே சில சமயம் ஏமாற்றும் என்பதால் சி.டி. ஸ்கேன் எடுப்பது மேல் என்றார். ஆனால் அதற்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டும், அந்த நிலையில் அது தாங்காது என்று தள்ளி வைத்தார். எதிர்ப்பொருள் சோதனைக்கு இரத்தம் அனுப்பினார். அந்தச் சோதனையின் குறையையும் அவரே சொன்னார். ஐஜிஜி என்னும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இல்லையென்றால் இந்த நோயைப் பெரும்பாலும் தள்ளிவிடலாம். இருந்தால், என்றோ ஒரு நாள் இந்த ஒட்டுண்ணியை முயல் சந்தித்திருக்கிறது என்று மட்டுமே பொருள். துள்ளி ஓடும் எத்தனையோ முயல்களின் இரத்தத்திலும் அது இருக்கும். ஒரு வாரம் கழித்து 'இருக்கிறது' என்று முடிவு வந்தபோது, மருந்து தொடங்கி ஏழு நாள் ஆகியிருந்தது. முடிவுக்காகக் காத்திருந்தால் அந்த ஏழு நாளும் வீணாகியிருக்கும்.

இந்த ஒட்டுண்ணியைப் பற்றி அப்போது வெறித்தனமாகப் படித்தேன். 1922இல் அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றில் முயல்குட்டிகள் கால் விளங்காமல் போனதை ஆராய்ந்த ரைட், கிரெய்க்ஹெட் என்ற இருவர்தான் இதை முதன்முதலில் விவரித்தார்கள். அடுத்த ஆண்டு பாரிசில் லெவாடிட்டியும் அவருடைய கூட்டாளிகளும் பெயர் சூட்டினார்கள். நெடுங்காலம் ஓரணு உயிரிகளோடு சேர்த்து வைக்கப்பட்டிருந்த இந்த இனம், இப்போது காளான்களின் உறவாகக் கருதப்படுகிறது. 2001இல் இதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது அது முப்பது இலட்சம் எழுத்துகளைக்கூட எட்டவில்லை. மனிதனுடையதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிற உயிரணுவுக்குள் குடியிருந்து அதன் சமையலையே உண்பதால், சொந்தமாக அடுப்பு வைக்க வேண்டிய பெரும்பாலான மரபணுக்களை உதறிவிட்டது என்று புரிந்துகொண்டேன். இதன் வித்துக்குள் ஒரு நுண்குழாய் சுருண்டு கிடக்கிறது. தகுந்த இடத்தை அடைந்ததும் அது சடாரென்று வெளியே பாய்ந்து உயிரணுவைத் துளைக்க, வித்தின் உள்ளடக்கம் முழுவதும் அந்தக் குழாய் வழியே உள்ளே பாய்கிறது. என் முயலை உருட்டிப் போட்ட ஒன்றைப் பற்றிப் படிக்கும்போது வியப்பு வந்தது எனக்கே பிடிக்கவில்லை.

பெரும்பாலும் தாய் முயலிடமிருந்தே குட்டிக்கு வருகிறது. கருவிலேயே வரலாம், பிறந்த பின் தாயின் சிறுநீரில் உள்ள வித்துகளை உண்பதாலும் வரலாம். சிறுநீரகத்திலும் மூளையிலும் கண்ணிலும் சென்று தங்கி, ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். உடலின் எதிர்ப்பாற்றல் தளரும் ஒரு வேளையில் உயிரணுக்களை உடைத்துக்கொண்டு வெளிவர, அந்த இடத்தில் உண்டாகும் அழற்சியே தலையைச் சாய்க்கிறது. ஆகவே அப்பாவின் வாலா வெடியும் முழுப் பொய் அல்ல. அச்சமும் உளைச்சலும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும். ஆனால் மூன்று வயதான சுண்டலின் தலைக்குள் அந்தக் குடியிருப்பு, வாரச்சந்தையில் அதை ஒரு அட்டைப்பெட்டியிலிருந்து நான் தூக்கிய நாளிலேயே இருந்திருக்க வேண்டும்.

மருந்து ஒன்றும் அரிதானதல்ல. ஆடுகளுக்கும் நாய்களுக்கும் குடற்புழு நீக்கக் கொடுக்கும் ஃபென்பெண்டசோல்தான். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம், நாளுக்கு ஒரு முறை, 28 நாள். 2001இல் ஜூரிக் நகரக் கால்நடை ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இந்தக் கணக்கே வழக்கமாகிவிட்டது. 1.6 கிலோ எடையுள்ள சுண்டலுக்கு 32 மில்லிகிராம். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது: கடைகளில் ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் கொண்ட திரவமும் கிடைக்கும், 100 மில்லிகிராம் கொண்டதும் கிடைக்கும். முதல் புட்டி தீர்ந்து இரண்டாவது வாங்கியபோது, கடைக்காரர் வேறு செறிவுள்ளதை எடுத்துக் கொடுத்தார். பழைய அளவிலேயே கொடுத்திருந்தால் நான்கு மடங்கு உள்ளே போயிருக்கும். இந்த மருந்து மிகுந்தால் எலும்பு மச்சையைத் தாக்கி இரத்த அணுக்களின் உற்பத்தியைக் குறைத்துவிடும் என்பதால், இரண்டாம் வாரத்தில் இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். அழற்சிக்கு மெலாக்சிகாம், தலைசுற்றலுக்குத் தனி மருந்து. ஸ்டீராய்டு வேண்டாம் என்று அவர் உறுதியாக இருந்தார். எதிர்ப்பாற்றல் தளர்ந்ததால் எழுந்த நோய்க்கு அதை மேலும் தளர்த்தும் மருந்தைக் கொடுப்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. குழந்தைகளுக்குத் தரும் அமாக்சிசிலின் சிரப்பைக் கொஞ்சம் கொடுத்துப் பாருங்கள் என்று நல்லெண்ணத்தோடு சொன்னவர்கள் மூன்று பேர். வாய்வழிக் கொடுக்கப்படும் அமாக்சிசிலின், முயலின் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை அழித்து முயலையே கொன்றுவிடக்கூடும் என்பதை மூவருக்கும் விளக்கிக் களைத்துப் போனேன்.

மருந்து ஒட்டுண்ணியின் பெருக்கத்தைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே புண்பட்ட மூளையைச் சரிசெய்வதில்லை. அதைச் சரிசெய்து கொள்ளவோ, சரியாகாததற்குப் பழகிக்கொள்ளவோ உடலுக்கு நாள் வேண்டும். அந்த நாள்களில் முயலைப் பட்டினியிலிருந்தும் காயத்திலிருந்தும் காப்பதுதான் நம் வேலை.

மரப்பெட்டியை அப்புறப்படுத்தினேன். பெரிய அட்டைப்பெட்டி ஒன்றின் அடியில் ரப்பர் பாயும், அதன்மேல் நான்காக மடித்த பழைய பருத்திச் சேலையும் விரித்து, நான்கு புறமும் துண்டுகளைச் சுருட்டி அணைகட்டினேன். உருளத் தொடங்கினால் சுருட்டிய துண்டில் முதுகு தட்டி நின்றுவிடும். தூக்கும்போதெல்லாம் உருளல் மிகுந்தது; உலகமே சுழல்வதாக நினைக்கும் ஓர் உயிரைத் தரையிலிருந்து பிரிப்பது அதற்குக் கிணற்றில் விழுவது போலிருக்கும் என்று ஊகிக்கிறேன். ஆகவே துண்டில் இறுகச் சுற்றி, வயிற்றோடு அணைத்த பிறகே எடுத்தேன்.

ஊட்டுவதுதான் பெரும்பாடு. முயலால் வாந்தி எடுக்க முடியாது; அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்கப் பிறந்தது. அரை நாள் பட்டினி கிடந்தாலே குடல் மந்தமாகி வாயு அடைத்து உயிருக்கு உலையாகும். முயல் தீவன உருண்டைகளை வெந்நீரில் ஊறவைத்து, கொத்தமல்லியோடு மிக்ஸியில் அரைத்து வடிகட்டி, ஊசியில்லாத சிரிஞ்சில் வேளைக்கு 15 மில்லி, நாளுக்கு ஆறு வேளை கொடுத்தேன். நேராக உள்ளே தள்ளினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும்; முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் பக்கவாட்டில் நுழைத்து, ஒரு மில்லி விட்டு, மென்று விழுங்கும் வரை காத்திருக்க வேண்டும். முதல் நாள்களில் ஒரு வேளைக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. நள்ளிரவு வேளை அம்மாவுடையது. உப்பு மிளகாய் சுற்றிய அதே கை, சிரிஞ்சை என்னைவிட நிதானமாகப் பிடித்தது.

கணக்கு நோட்டு ஒன்று போட்டோம். வேளை, உண்ட அளவு, சிறுநீர், புழுக்கை. முதல் நாள் பதினொன்று. அவையும் மிளகளவு, உலர்ந்தவை. மறுநாள் ஒன்பது. மூன்றாம் நாள் முப்பத்திரண்டு என்று அம்மா எழுதி, அதன் கீழ் கோடு போட்டிருந்தார். அதே நாள்களில் நான் இன்னொரு கணக்கும் இரகசியமாக வைத்திருந்தேன்: தினமும் காலையில் நேர் எதிரே அமர்ந்து படமெடுத்து, கழுத்தின் சாய்வைக் கோணமானி வைத்து அளந்தேன். தொண்ணூறு, எண்பத்தைந்து, மறுபடியும் தொண்ணூறு. இணையத்தில் நேரான தலையோடு நிற்கும் முயல்களின் 'முன்பும் பின்பும்' படங்களைப் பார்த்துப் பார்த்து அந்தப் பழக்கம் தொற்றியிருந்தது. பன்னிரண்டாம் நாள் கோணம் எண்பதில் நின்றிருக்க, புழுக்கை நூற்று அறுபதைத் தொட்டிருந்தது; சுண்டல் தானாகவே சாய்ந்தபடி அறுகம்புல்லை இழுத்து மென்றுகொண்டிருந்தது. கோணமானியை மருமகனின் பள்ளிப் பையில் திருப்பி வைத்துவிட்டேன்.

எனக்கு முன்பு தெரியாத ஒன்றையும் அப்போது கற்றேன். முயல் இருவகைப் புழுக்கை போடும். ஒன்று நாம் கூட்டித் தள்ளும் உருண்டை. மற்றொன்று திராட்சைக் கொத்துப்போல் மெத்தென்று பளபளப்பாக வரும். இந்த இரண்டாவதை முயல் குனிந்து நேராக வாயால் எடுத்து உண்டுவிடும். குடல் நுண்ணுயிர்கள் ஆக்கித் தந்த வைட்டமினும் புரதமும் அதில்தான் இருக்கின்றன. கழுத்து கோணிய முயலால் குனிய முடியாது. ஆகவே விடியற்காலையில் அந்தக் கொத்தை எடுத்து அதன் உதட்டருகே நீட்டும் வேலை எனக்கு வந்தது. அருவருப்பு இரண்டு நாளில் போய்விட்டது. சிறுநீரில் நனைந்த பின்னங்கால் உரோமத்தைத் துடைத்து உலர்த்தாவிட்டால், சென்னையின் ஈரக்காற்றில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். எனவே அங்கே உரோமத்தைக் குறைத்து வெட்டினேன். தரையில் உரசும் வலது கண்ணை மூட முடியாததால், நாளுக்கு ஐந்து முறை கண்ணீருக்கு மாற்றான சொட்டு மருந்து. இருந்தும் நான்காம் நாள் கருவிழியில் சிறு கீறல் விழுந்தது. மருத்துவர் பச்சையாக ஒளிரும் சாயத்தை விட்டுக் காட்டியபோது என் அலட்சியமே அங்கே ஒளிர்ந்ததாகத் தோன்றியது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுண்டலுக்குக் காலையில் கொத்தமல்லித் தண்டு கொடுப்பவர் அவர்தான். தினசரியைப் படித்தபடி ஒரு கையால் ஊட்டுவார். அவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை நடந்து ஐந்தாண்டு ஆகியிருந்தது; எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் உண்ண வேண்டியவர். வீட்டில் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் உண்டா என்று மருத்துவர் இரண்டாம் முறை சென்றபோது கேட்டார். இந்த ஒட்டுண்ணி நலமான மனிதர்களுக்குத் தொல்லை தருவது அரிது. ஆனால் எய்ட்ஸ் நோயாளிகளையும் உறுப்பு மாற்றுப் பெற்றவர்களையும் தாக்கியதுண்டு. தொற்றிய முதல் சில மாதங்களில்தான் வித்துகள் சிறுநீரில் அதிகமாக வெளிவரும், ஆண்டுகள் கழித்து நோய் தோன்றும்போது குறைவாகவே இருக்கும், இருந்தாலும் இந்த வீட்டில் சூதாட வேண்டாம் என்றார். முயலை வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று அம்மா கேட்டதில் தவறில்லை. நானும் அதை நினைத்தேன். உருளும் முயலை யார் எடுப்பார்கள்?

பின்கட்டு அறையைச் சுண்டலுக்கு ஒதுக்கினோம். உலர்ந்த வித்துகள் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால் தட்டுகளில் கொதிநீர் ஊற்றினேன். தரையை முதலில் தண்ணீரால் நன்கு அலசிவிட்டு, அதன் பிறகே நீர்த்த பிளீச்சிங் கரைசலால் துடைத்தேன். சிறுநீரின்மேல் நேராகப் பிளீச்சிங்கை ஊற்றினால் மூச்சை அடைக்கும் நெடி கிளம்பும். அப்பா நாற்காலியைப் போட்டுக்கொண்டு நிலைப்படிக்கு வெளியே உட்கார்ந்தார். "அவ சாப்பிட்டாளா?" என்று கேட்பார். நோட்டைப் படித்துக் காட்டுவேன். அவருடைய மருந்துகளுக்கும் அப்படியொரு நோட்டு எங்கள் வீட்டில் ஐந்தாண்டுகளாக இருந்தது. நீர் குடித்த அளவு, சிறுநீர் கழித்த அளவு. இரண்டும் ஒரே அலமாரியில் இருந்தன.

28 நாள் முடிந்தபோது கண் துடிப்பு நின்று, உருளல் நின்று, சுண்டல் வட்டமடித்தபடி நடந்தது. டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரையைக் கடந்தபோது எங்கள் பகுதியில் மின்சாரம் போனது. காற்றுக்கு அஞ்சித்தான் மீண்டும் உருளுகிறது என்று நினைத்தேன். செல்பேசி விளக்கை ஏற்றியதும் அது நின்றது, அணைத்தால் உருண்டது. காதும் மூளையும் தரும் செய்தியை நம்ப முடியாத முயல், கண்ணால் காணும் சுவரையும் தரையையும் வைத்தே தன்னை நிறுத்திக்கொண்டிருந்தது. இருட்டில் அதுவும் பறிபோயிற்று. அன்று முதல் அந்த அறையில் இரவு விளக்கு அணைவதில்லை. எமர்ஜென்சி விளக்கு ஒன்றும் வாங்கினேன்.

அடுத்த ஆண்டு கத்திரி வெயிலில் ஒரு வாரம் மறுபடியும் தலை அதிகமாகச் சாய்ந்தது. முயலுக்கு வியர்க்காது, முப்பது பாகையைத் தாண்டினாலே அது திணறும். நீர் நிரப்பி உறையவைத்த புட்டிகளைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம், மருந்து இரண்டாம் முறை 28 நாள் போனது. அப்போது நான் பதறவில்லை. தட்டில் இருநூற்றுப் பத்து இருந்தது.

தலை நேராகவே இல்லை. ஏறக்குறைய முப்பது பாகையில் நின்றுவிட்டது என்று கண்ணளவில் சொல்கிறேன், அளக்கவில்லை. முன்பற்கள் வாரத்திற்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளர்பவை. ஒருபக்கமாகவே மெல்வதால் அவை சீராகத் தேய்கின்றனவா என்று மாதந்தோறும் பார்த்துக்கொள்கிறோம். வழுக்கும் தரையில் ரப்பர் பாய், தண்ணீருக்குப் புட்டியின் குழாய்க்குப் பதில் கனமான மண்கிண்ணம், படிகளுக்குத் தடுப்பு. அந்த முதல் மருத்துவமனையில் நான் கையெழுத்திட்டிருந்தால் அதைத் தவறென்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊட்ட ஆளில்லாத வீட்டில், புழுக்கை எண்ணிக்கை ஏறாத முயலுக்கு, அந்த ஊசி தேவைப்படும் நாள் வரலாம். ஆனால் முதல் இரண்டு நாளின் உருளலை வைத்து அதை முடிவு செய்வது மிக முந்தியது என்பதை மட்டும் கேட்பவர்களிடம் சொல்லி வருகிறேன்.

அப்பா இப்போதும் நிலைப்படிக்கு வெளியேதான் உட்காருகிறார். கொத்தமல்லித் தண்டை உள்ளே எறிவார். தொடக்கத்தில் அது சுண்டலுக்கு இடப்பக்கம் விழும். முயல் அதைத் தேடி வலப்பக்கமாகவே ஒரு முழு வட்டம் சுற்றி, தாண்டிப் போய், மறுபடியும் சுற்றும். சில வாரங்கள் பார்த்துவிட்டு, தன் நாற்காலியை நிலையின் மறு ஓரத்திற்கு நகர்த்திக்கொண்டார். அங்கிருந்து எறிந்தால் தண்டு அதன் வலது மீசைக்குப் பக்கத்தில் விழுகிறது.